இரண்டாம் எண் ஸ்லிங்

நவம்பர் 2

இன்று நான் சொல்லாதது: மழைக்கோட்டுக்கு மேல்தான் அளவு பார்க்க வேண்டும் என்பது என் யோசனை.

முகாமுக்கு மூன்று புது ஸ்லிங்குகள் வந்திருக்கின்றன. ரைபிளை உடம்போடு மாட்டிக்கொள்ளும் வார். இதுவரை எங்களிடம் இருப்பது பழைய கான்வாஸ் வார். தோளில் போட்டால் வழுக்கும், வழுக்காமல் பிடித்தால் ஒரு கை அதற்கே போய்விடும். மலை ரோந்துக்கு எது சரிப்படும் என்று பார்த்து எழுதித் தர வேண்டும். அதை வைத்து இருநூறு வாங்குவார்கள்.

எஸ்.ஐ. செம்மலை மூன்றையும் மேசையில் பரப்பியிருந்தார். ஒன்றாம் எண் ரைபிளின் பின்பக்கம் ஒரே இடத்தில் மாட்டுவது. இரண்டாம் எண்ணுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு கொக்கிகள். நடுவில் ஒரு இழுவை, இழுத்தால் இறுகும், தள்ளினால் தளரும். மூன்றாம் எண்ணில் இடுப்பைச் சுற்றி இன்னொரு பட்டை.

"அணியில பொம்பளப் புள்ளைங்க நீங்க ரெண்டே பேரு. உங்களுக்குப் பொருந்துனா எல்லாத்துக்கும் பொருந்தும். பத்து நாள் மாத்தி மாத்திப் போட்டு நடங்க. பதினாலாம் தேதி ஆளுக்கொரு ரிப்போர்ட் குடுங்க. எது நல்லா இருக்கோ அவங்க பேரு பயிற்றுநர் கோர்ஸுக்கு மேல போகும். ஒரே சீட்டுதான், சண்டை போட்டுக்காதீங்க."

பிலோமினா உடனே பேசினாள். "நேத்து நாங்க பேசிக்கிட்டு இருந்தோம் ஐயா. சட்டைக்கு மேல அளவு பாத்தா மழையில கோட்டு போட்டதும் நெஞ்சப் பிடிக்கும்லா. கோட்டு போட்டுட்டுத்தான் பாக்கணும்."

"சபாஷ் பிலோமினா."

நேற்று மாலை கட்டிலில் உட்கார்ந்து அதைச் சொன்னது நான். அவள் கிழிந்த சாக்ஸைத் தைத்துக்கொண்டே "உம், உம்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்தக் கோர்ஸ் வேண்டும். மூன்று வருடமாக இந்த முகாமில் நான் 'புத்தகம் படிக்கிற புள்ள'. மனு எழுத, லீவு லெட்டர் எழுத என்னைத் தேடுவார்கள். மலையில் வழி கேட்க, குறி பார்க்க, ரைபிள் அடைத்துக்கொண்டால் சரிசெய்ய, பிலோமினாவைத் தேடுவார்கள். இதை வேறு எங்கும் எழுத மாட்டேன், இங்கே எழுதிவிடுகிறேன்.

நவம்பர் 3

சொல்லாதது: "சிரிக்காதே."

எனக்கு மூன்றாம் எண், அவளுக்கு ஒன்றாம் எண். காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். புறப்படும் முன் ஜோடிச் சோதனை. ரோந்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. ஜோடியின் பட்டைகள், பை, தண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்து "சரி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். ஏட்டையா பேரேட்டில் டிக் அடிப்பார். "சரி" சொன்ன பிறகு ஏதாவது கழன்று விழுந்தால் மாட்டியிருந்தவர் மட்டும் அல்ல, சொன்னவரும் பதில் சொல்ல வேண்டும். பிலோமினா இழுத்தால் ஆளே இரண்டடி நகர்வோம். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரி, வலை இழுத்து வளர்ந்த கை.

நான்கு கிலோமீட்டர் போனதும் நான் ஒதுங்க வேண்டியிருந்தது. மூன்றாம் எண்ணின் இடுப்புப் பட்டை கழற்ற வரவில்லை. ரைபிளையும் கீழே வைக்கக் கூடாது. புதருக்கு வெளியே பிலோமினா காவல்.

"ஏட்டி சுடரு, உள்ள குடும்பம் நடத்துறியா?"

"வரேன் இரு."

"அட்டை ஏறிரும், சீக்கிரம்."

ஏழு நிமிடம் ஆனது. மாலை இதை அறிக்கையில் எப்படிக் கண்ணியமாக எழுதுவது என்று யோசித்து அரைப் பக்கம் எழுதினேன். அதற்குள் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் எஸ்.ஐ.யிடம் சொல்லிவிட்டாள்: "மூணாம் நம்பரப் போட்டுக்கிட்டு ஒன்னுக்குப் போக முடியாது ஐயா. பொம்பளைக்கு ஏழு நிமிஷம். அதுக்குள்ள எதிரி வந்து, பாத்து, வெக்கப்பட்டுத் திரும்பிப் போயிருவான்." கூடமே சிரித்தது. எஸ்.ஐ. தன் டைரியை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

அந்த ஏழு நிமிடம் என்னுடையது.

நவம்பர் 5

ஒன்றாம் எண் நடக்கும்போது ரைபிளை முழங்காலில் மோத விடுகிறது. பிலோமினாவின் இரண்டு முட்டிகளும் நீலம் பாரித்துவிட்டன. அதைக் காட்டிக்கொண்டே திரிகிறாள். சமையல்காரர் அவளுக்கு உப்பு ஒத்தடத்துக்குத் துணி சுட வைத்துக் கொடுத்தார். எனக்கு மூன்றாம் எண் கழுத்தில் அறுத்த கோடு இருக்கிறது. நான் காலரை மேலே தூக்கிவிட்டிருக்கிறேன். கேட்டால்தானே காட்ட முடியும்.

பிலோமினா மட்டும் பார்த்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று அவள் அலமாரியில் திருப்பி வைத்தேன்.

நான் படித்த போர்க் கதைகளில் எவ்வளவோ துப்பாக்கிகள். ஒருவர்கூட வாரைப் பற்றி எழுதவில்லை. நான்கு கிலோ இரும்பைப் பதினான்கு கிலோமீட்டர் சுமக்கிற தோள் அந்தக் கதைகளில் இல்லை. சுடுவது ஒரு நொடி, சுமப்பது நாள் முழுக்க. இந்த வாக்கியத்தை அறிக்கையின் முதல் வரியாக வைக்கலாம்.

நவம்பர் 6

இரண்டாம் எண் எனக்கு வந்தது.

இதை எப்படிச் சொல்ல. ரைபிள் மார்பின் குறுக்கே வந்து உட்கார்ந்தது, உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. ஏறும்போது இழுவையை இழுத்தேன், உடம்போடு ஒட்டிக்கொண்டது. கைகள் இரண்டும் சும்மா இருந்தன. மரத்தைப் பிடித்து ஏறினேன். ஒதுங்கும்போது தளர்த்தி முதுகுக்குத் தள்ளினேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கழுத்துப் பக்கம் அகலமான மெத்தை. மாலையில் கழற்றியபோது தோளில் ஒன்றுமே இல்லை.

பிலோமினா மூன்றாம் எண்ணோடு போராடுவதை முன்னால் நடந்தபடி திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

நவம்பர் 8

சொல்லாதது: கொக்கி.

மூன்று நாளாக மழை. ஓடைக் கரையில் சறுக்கி உட்கார்ந்தேன். ரைபிளின் முன்பகுதி சேற்றில் பதிந்தது. கழுவிய பிறகு பார்த்தேன், முன் கொக்கியின் நாக்கு திரும்ப மூடவில்லை. விரலால் தள்ளினால் மூடுகிறது; விட்டால் பாதியில் நிற்கிறது. உள்ளே இருக்கும் சிறிய ஸ்பிரிங்கில் மண். வார் இறுக்கமாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது, இழுவையே பிடித்துக்கொள்ளும். தளர்த்தினால்தான் ரைபிளின் வளையத்திலிருந்து நழுவலாம்.

பாக்கெட் நோட்டில் குறித்தேன்: "8.11, மாலை 3.40. எண் 2, முன் கொக்கி நாக்கு. சேறு பட்டால் மூடுவதில்லை. தளர்வில் ஆபத்து." வேறு யாரும் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்கு வைத்திருக்கிறேன். மூன்றில் இதுதான் சிறந்தது, ஆனால் கொக்கியை மாற்ற வேண்டும் என்று முடித்தால், படித்தவர் நிமிர்ந்து உட்காருவார்.

நவம்பர் 9

ரோந்து இல்லை. ஆயுத அறையில் எண்ணெய் போடும் நாள். ஏட்டையா ஜமாலுதீன்தான் அறைக்குப் பொறுப்பு. "புள்ளைங்களா, நீங்க கீழ விழுந்தா ஆஸ்பத்திரி இருக்கு. துப்பாக்கி கீழ விழுந்தா எனக்குக் கபர்ஸ்தான்தான்" என்று தினமும் சொல்வார். இன்றும் சொன்னார்.

எஸ்.ஐ. வந்தார். கையில் பிலோமினாவின் அறிக்கை வரைவு. கோடு போட்ட தாளில் மூன்றே வரி. "ஒன்னாம் நம்பர் முட்டியைத் தின்னும். மூணாம் நம்பர் நேரத்தைத் தின்னும். ரெண்டாம் நம்பர் இன்னும் போடல, ஆனா சுடர்க்கொடி மூஞ்சியப் பாத்தா அதுதான் நல்லதுன்னு தெரியுது."

எஸ்.ஐ. அதை ஏட்டையாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள்.

"உன்னுது எத்தன பக்கம்மா?"

"பதினொண்ணு ஐயா."

"யாத்தே. படிக்க எனக்கு லீவு குடுப்பாங்களான்னு தெரியலயே."

பிலோமினா அவசரமாக, "அவதான் ஐயா நல்லா எழுதுவா. எனக்கு எழுத வராததாலதான் மூணு வரி" என்றாள்.

இது பொறாமை அல்ல. ஒரு விஷயத்தைக் கவனமாகப் பார்ப்பவருக்கும் போகிற போக்கில் சொல்பவருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தெரியும். பதினான்காம் தேதி தெரியும்.

நவம்பர் 10

இரண்டாம் எண்ணைப் பிலோமினாவிடம் கொடுத்தேன். துடைத்துத்தான் கொடுத்தேன். எனக்கு ஒன்றாம் எண்.

காலை ஜோடிச் சோதனையில் அவளுடைய வாரை இழுத்துப் பார்த்தேன். நின்றது. "சரி" என்றேன்.

நவம்பர் 11

இழுத்துப் பார்த்தேன். நின்றது. "சரி."

என் முட்டி வலிக்கிறது. அவள் முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறுகிறாள். "ஏட்டி, நீ மூணு நாளும் ஏன் சிரிச்சேன்னு இப்பத்தான் தெரியுது."

நவம்பர் 13

நேற்று எழுதவில்லை.

நேற்று காலையும் இழுத்துப் பார்த்தேன், நின்றது, "சரி" என்றேன், ஏட்டையா டிக் அடித்தார்.

பதினொரு மணி வாக்கில் வழுக்குப் பாறையில் கயிற்றைப் பிடித்து இறங்கினோம். எட்டுப் பேர். ஆறு பேர் கீழே போய்விட்டார்கள். பிலோமினா அடுத்து, நான் கடைசி. இறங்க வசதியாக அவள் இழுவையைத் தளர்த்தி ரைபிளை முதுகுக்குத் தள்ளினாள். மேலே இருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. முன் கொக்கி வளையத்தை விட்டு வெளியே வந்து சும்மா ஆடியது.

"பிலோ!" என்று கத்தினேன்.

அந்தக் கொக்கியைப் பற்றி நான்கு நாளில் நான் வாய் திறந்தது அப்போதுதான்.

ஒரு முனை கழன்றதும் வார் வெறும் கயிறு. தோளிலிருந்து சரிந்தது. அவள் ரைபிளைப் பிடிக்கக் கயிற்றை விட்டாள். பத்தடி. பாறையில் இடது தோள் பட்டு விழுந்தாள். ரைபிள் அவளைத் தாண்டி மோதி மோதிப் போய் மடுவில் விழுந்தது.

நான் இறங்கிப் போனபோது அவள் எழ முயன்றுகொண்டிருந்தாள். கை எழும்பவில்லை. "ரைபிள், ரைபிள்" என்று மட்டும் சொன்னாள். ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் காலால் துழாவி நாற்பது நிமிடத்தில் எடுத்தார்கள். முகாமில் ஏட்டையா அதைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

பிலோமினாவுக்குக் காறை எலும்பு முறிவு.

நவம்பர் 15

ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது கையை மார்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட இரண்டாம் எண் ரைபிளைப் பிடித்திருந்த மாதிரியே. அதை அவளே சொன்னாள்.

"வலிக்கா?"

"சிரிச்சா வலிக்கு. அதனால நீ வந்தது நல்லது, நீ சிரிக்க வைக்க மாட்ட." பிறகு, "எஸ்.ஐ. ஐயா வந்தாரு. ஜோடிச் சோதனை ஒழுங்கா நடந்துச்சான்னு கேட்டாரு. அவ மூணு நாளும் இழுத்துப் பாத்தா ஐயா, சரியாத்தான் இருந்துச்சு, நான்தான் கயித்த விட்டேன்னு சொல்லிட்டேன். உன்ன ஒன்னும் கேக்க மாட்டாங்க."

சொல்லாதது: எல்லாம்.

"கோர்ஸு உனக்குத்தான் பிள்ள," என்றாள். "ஒத்தக் கைய வெச்சு நான் என்னத்தச் சொல்லிக் குடுக்க. போயிட்டு வா."

நவம்பர் 17

ஸ்லிங் கொடுத்த கம்பெனியின் ஆள் வந்திருந்தார். டை கட்டிய, மரியாதையான ஆள். கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாறையில் மோதியதில் நாக்கு வளைந்திருக்கிறது.

"விழுந்ததால வளைஞ்சிருக்கு சார். வளைஞ்சதால விழல. முன்னாடியே பழுது இருந்துச்சுன்னா யாராவது பாத்திருப்பாங்கல்ல? தினம் செக் பண்றீங்க, ரெஜிஸ்டர்ல டிக் இருக்கு."

எஸ்.ஐ. பேரேட்டைப் புரட்டி டிக்குகளைப் பார்த்தார். ஏட்டையா, "நாக்கு மேல எனக்குச் சந்தேகம் இருக்குங்கய்யா" என்றார். "சந்தேகத்த வெச்சு ஆர்டர நிறுத்த முடியாது ஜமாலு" என்றார் எஸ்.ஐ. விசாரணையில் பிலோமினாவின் கவனக்குறைவு என்று எழுதுவார்கள். இதே கொக்கியோடு இருநூறு ஸ்லிங் வரும்.

பிறகு எஸ்.ஐ. என்னிடம் திரும்பினார். "உன் ரிப்போர்ட் நாளைக்கு வேணும்மா. இப்ப அது ஒண்ணுதான் இருக்கு."

நவம்பர் 18

என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தை இரண்டு விதமாக எழுதினேன். விபத்துக்குப் பிறகு கவனித்ததாக ஒன்று. விபத்தன்று கவனித்ததாக ஒன்று. இரண்டும் நல்ல வாக்கியங்கள். இரண்டுக்கும் அந்தக் கம்பெனி ஆள் அதே பதிலைத்தான் சொல்வார்.

விழுவதற்கு முன்பே நாக்கு மூடவில்லை என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சி இருக்கிறது. பக்க எண் அச்சிட்ட என் பாக்கெட் நோட்டு, பக்கம் 31. எட்டாம் தேதி, மாலை 3.40. கையெழுத்து என்னுடையது. அதைக் கொடுத்தால், எட்டாம் தேதிக்கும் பன்னிரண்டாம் தேதிக்கும் நடுவே நான் மூன்று முறை "சரி" சொன்னது பேரேட்டில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க யாருக்கும் பட்டப்படிப்பு தேவையில்லை.

அவள் விழ வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. என் பதினொரு பக்கங்களில் ஒரு வரி அவளிடம் இல்லாததாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அதை யாருக்கும் தராமல் வைத்திருந்தேன். வாரை இழுக்கும்போதெல்லாம் அது நிற்கும் என்று எனக்குத் தெரியும். நிற்கும் என்று தெரிந்துதான் இழுத்தேன். தளர்த்திப் பார்க்கவில்லை.

இதற்கு ஒரு சொல் இருக்கிறது. ஒன்பதாம் தேதி அதை எழுதி, அல்ல என்று போட்டிருக்கிறேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு நோட்டை எஸ்.ஐ. மேசையில் வைத்தேன். பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவர் படித்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"பிலோமினாவுக்குத் தெரியுமா?"

"இல்லங்கய்யா."

"மொதல்ல அவகிட்டப் போய்ச் சொல்லு. அப்புறம் நான் எழுதறேன்."

நவம்பர் 19

சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன்.

அவள் ஆரஞ்சுப் பழத்தை ஒற்றைக் கையால் உரிக்க முயன்றுகொண்டிருந்தாள். நிறுத்தினாள்.

"எத்தன நாளு?"

"எட்டாம் தேதி சாயங்காலம் பாத்தேன். நீ விழுந்தது பன்னெண்டு."

"நாலு நாளு." விரல் விட்டு எண்ணினாள், கட்டாத கையில். "நாலு நாளும் பக்கத்துக் கட்டில்ல கெடந்தியே பிள்ள. ராத்திரி தண்ணி வேணுமான்னு கேட்டேனே."

"கேட்ட."

"மழக்கோட்டு விசயம் உனக்குப் புடிக்கலன்னு அன்னைக்கே தெரியும். 'நாங்க'ன்னுதான சொன்னேன். ஐயாதான் என் பேரச் சொன்னாரு. சரி, எழுதுறப்ப அவ எழுதிப்பான்னு விட்டுட்டேன்."

நான் நவம்பர் இரண்டாம் தேதிப் பக்கத்தை நினைத்துக்கொண்டேன். "நாங்க" என்றுதான் எழுதியிருக்கிறேன். எழுதியும் படிக்கவில்லை.

பழத்தை உரித்துத் தரக் கை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"அந்த ஜன்னலச் சாத்திட்டுப் போ. சாரல் அடிக்கு."

சாத்திவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 4

எட்டு மாதமாக இந்த டைரியைத் திறக்கவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

கொக்கி மாற்றப்பட்டது. வந்த இருநூறு ஸ்லிங்குகளிலும் இரும்புக் கொக்கி இல்லை. வாரையே வளையத்தில் நுழைத்துத் திருப்பித் தைத்த கண்ணி. சேறு பட்டால் துவைக்கலாம். பிலோமினாமேல் எழுத இருந்த கவனக்குறைவு எழுதப்படவில்லை. எனக்குக் கண்டிப்பு, பணிப்பதிவேட்டில் ஏறியது. கோர்ஸ் அந்த முறை வேறு முகாமுக்குப் போனது.

பிலோமினா திரும்பி வந்ததும் வேறு ஜோடி கேட்டாள். கொடுத்தார்கள். கட்டிலையும் மாற்றிக்கொண்டாள். ஏப்ரலில் அடுத்த பேட்ச்சில் கோர்ஸுக்குப் போனாள். நேற்று பயிற்றுநராக வந்தாள்.

இன்று காலை அணியை வரிசையில் நிற்க வைத்து ஜோடிச் சோதனையைப் புதிதாகச் சொல்லிக் கொடுத்தாள். "இழுத்துப் பாருங்க. அது போதாது. தளர்த்தியும் பாருங்க. தளர்வுலதான் கழலும்." பிறகு ஒவ்வொருவராகத் தானே பார்த்துக்கொண்டு வந்தாள்.

என் முன்னால் நின்றாள். வாரை இழுத்தாள், இரண்டடி நகர்ந்தேன். தளர்த்தினாள், கண்ணியை விரலால் தடவினாள்.

"சரி" என்றாள். அடுத்த ஆளிடம் போனாள்.